மறந்தவர்களுக்கு வரும் குறியீடு

என் போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கும். எடுத்துப் பார்த்தால் ஆறு இலக்கக் குறியீடு ஒன்று இருக்கும், வேறொன்றும் இராது. கடவுச்சொல்லை மறந்தவர்களுக்குப் போகும் குறியீடு அது. மறந்தது நானில்லை, மதினி, என் அண்ணன் மனைவி.

சூரியநெல்லியில் அவர்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில் மனைவியின் போனும் புருஷன் சட்டைப்பையில்தான் இருக்கும். அடி வாங்கி அலுத்துப்போன மதினி, வெளியூரில் பெண்களுக்கு வேலையும் தங்குமிடமும் பார்த்துத் தரும் இணையதளம் ஒன்றில், என் கணினி வழியாகத் தன் எண்ணைப் பதிந்தாள். அந்தத் தளத்தைப் பராமரிப்பது என் வேலை. "பாஸ்வேர்டு மறந்துட்டா மெசேஜ் அவுக கைக்குல்லா போவும்?" என்று கேட்டாள். எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. போதாக்குறைக்கு, மறந்தவர்களுக்கான அந்தப் படிவம், போட்ட எண்ணில் கணக்கு உண்டா இல்லையா என்பதையும் போகிற போக்கில் உளறிவிடும். நான் எழுதியதல்ல, ஆயத்தமாக வரும் படிவம்தான். ஆனால் அதைப் பிரிக்காமலே நம் நிரல் வரிகளை மாட்டிவிட இடம் உண்டு. ஹுக் என்போம், சட்டை மாட்டும் கொக்கி மாதிரி. மேலிடத்தில் கேட்டுக்கொண்டு இரண்டு மாட்டினேன். யார் எந்த எண்ணைப் போட்டாலும் 'கணக்கு இருந்தால் குறியீடு வந்து சேரும்' என்ற ஒரே வாக்கியம் வரும். குறியீடோ, அந்தப் பெண் நம்பிச் சொல்கிற இன்னொருவர் போனுக்குப் போகும். மதினி என் எண்ணைச் சொன்னாள்.

ஒரு வாரம் ஆகியிருக்கும். யார் சொல்லிக் கேட்டானோ, அந்தத் தளத்தைத் தன் போனில் திறந்துகொண்டு அண்ணன் என் வீட்டுக்கே வந்துவிட்டான். மதினியின் எண்ணைக் கட்டைவிரலால் அழுத்தினான். மறு கையில் அவள் போன். திரையில் அந்த ஒரே வாக்கியம் வந்தது. அவள் போன் சும்மா கிடந்தது. என் சுடிதார்ப் பையில் என் போன் அதிர்ந்தது.

"என்னட்டி அது?"

"கம்பெனி மெசேஜ்ணே."

அவன் போய்விட்டான். அந்த மாதமே மதினி கிளம்பிவிட்டாள். எந்த ஊர் என்று எழுத மாட்டேன். அவள் போன் அண்ணனிடமே நின்றுவிட்டது. கணக்கில் வேறு எண்ணைப் போடச் சொன்னால், "எம் பேருல இருக்கது அது ஒண்ணுதாம்ட்டி" என்பாள். மறதி அதிகம். குறியீடு வந்ததும் யார் போனிலிருந்தாவது அழைத்து, "நாந்தாம்ட்டி" என்பாள். அதுவரை, குறியீடு கேட்டது அவளா அண்ணனா என்று எனக்குத் தெரியாது.

இன்று காலை குறியீடு வந்தது. மதினியின் குரலுக்குக் காத்திருந்தபோது போன் அடித்தது. அண்ணன்.

"இப்ப ஒனக்கு ஏதும் மெசேஜ் வந்துதாட்டி?"

"கம்பெனி மெசேஜ்ணே" என்றேன். அன்று சொன்னது அப்படியே வாயில் வந்துவிட்டது. "அன்னைக்கும் இதத்தானட்டி சொன்ன?" என்றான் அண்ணன்.