நாய்களின் மூட்டுவலியும் அக்காவின் காதும்

இங்கே ஜெர்மனியில், ரயிலில் ஒருவர் இருமினால் பக்கத்திலிருப்பவர் பையிலிருந்து மிட்டாய் எடுத்து நீட்டுகிறார். முதல் முறை எனக்கு நீட்டியபோது நான் வாங்கவில்லை. எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டேன். குமாரபாளையத்தில் என் அக்கா வசந்தா இருமியபோது அவள் மாமியார் அவளுக்குத் தனித் தட்டு வைத்தார். "சளிங்க, மழைல நனைஞ்சுட்டா" என்று ஊராரிடம் சொன்னார். காசநோய் என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் வாயால் சொன்னதே இல்லை. வழக்கமான மாத்திரைக்கு அடங்காத வகை என்று தெரிந்தபின் மாதக்கணக்கில் ஊசி போட்டார்கள். நோய் போயிற்று. அந்த ஊசியாலேயே காதும் போயிற்று. அப்போது நான் சேலத்தில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோபம்தான் என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது. ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில், காசநோய்க் கிருமியைக் கொல்லக்கூடிய புதிய கரிமச் சேர்மங்களை உருவாக்குவது என் வேலை. மூலக்கூறின் ஓரத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்வேன், வடிப்பேன், உலர்த்துவேன், சோதனைக்கு அனுப்புவேன். பெரும்பாலும் கிருமி சாகாது. சென்ற ஆண்டு வெளிர்மஞ்சள் படிகமாக ஒன்று கிடைத்தது. மருந்துக்கு அடங்காத கிருமியையும் அது கொன்றது. அடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றிருந்தபோது, பிரிவுத் தலைவர் கூப்பிட்டுத் திட்டத்தை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். சந்தை இல்லையாம். இனி நான் நாய்களின் மூட்டுவலிக்கு மருந்து செய்ய வேண்டுமாம்.

"என் அக்காவுக்கு இந்த நோய் வந்தது" என்றேன்.

அவர் முகம் இளகியது. "வருந்துகிறேன். அவர் இறந்து எத்தனை காலமாகிறது?"

"உயிரோடு இருக்கிறாள். இன்று காலை வேலைக்குப் போயிருக்கிறாள்."

அவர் குழம்பிப்போனார். அவர் அறிந்த காசநோயாளிகள் எல்லாரும் பழைய புகைப்படங்களில் இருப்பவர்கள். பிறகு, "உங்கள் ஈடுபாட்டை மதிக்கிறோம்" என்றார். ஈடுபாடாம்.

மறுநாள் காலை டிராமிலிருந்து அக்காவை வீடியோவில் அழைத்தேன். விசைத்தறிக் கொட்டகையில் இருந்தாள். அந்த இரைச்சலில் வளர்ந்த நாங்கள் சிறுவயதிலிருந்தே உதட்டசைவைப் பார்த்துத்தான் பேசுவோம். நடந்ததைச் சொன்னேன்.

"நம்மள மாதிரி சனங்க இருக்கறது அவங்களுக்குத் தெரியாதா சாமி?" என்று அவள் உதடுகள் கேட்டன.

"தெரியும்க்கா" என்றேன்.

எதிரிலிருந்த பெண்மணி தறிச் சத்தத்தைக் குறைக்கும்படி சைகை காட்டினார். கைபேசியின் ஒலியை மட்டும் முழுதாக அணைத்துவிட்டேன். இறங்க வேண்டிய இடம் தாண்டியும் வாயசைத்துத் தமிழில் திட்டிக்கொண்டே போனேன். வண்டியில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. காது கேளாத அக்காவுக்கு மட்டும் ஒரு சொல் விடாமல் புரிந்தது.