பொன்மலர் படித்த இரண்டு கோடுகள்

பள்ளிகொண்டாவைச் சேர்ந்த பொன்மலர் ஆம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு வருடமாக நர்ஸ். தோல் தொழிற்சாலை இயந்திரத்தில் கை சிக்கி வருபவர்களுக்கு முதல் கட்டுப் போடுவது அவள்தான். அயர்லாந்து வேலைக்காக இரண்டு முறை ஆங்கிலத் தேர்வு எழுதினாள். இரண்டு முறையும் எழுத்துப் பகுதியில் ஆறுதான் வந்தது. வேண்டியது ஆறரை.

முதல் தேர்வுக்கு முன்பிருந்தே வேலூரில் சூரியபிரகாஷ் நடத்தும் பயிற்சி வகுப்புக்கு, டியூட்டி முடிந்த கையோடு பஸ் பிடித்துப் போய்வந்தாள். அவளோடு இன்னும் ஏழு நர்சுகள் படித்தார்கள். தேர்வில் வருவதுபோலவே, பார்த்து ஆங்கிலத்தில் விவரித்து எழுத அன்று அவர் ஒரு வரைபடம் கொடுத்தார். தேக்கு மாதிரியான உறுதியான மரங்களை இரண்டு நாடுகள் இருபத்தைந்து ஆண்டுகளில் எவ்வளவு இறக்குமதி செய்தன என்று இரண்டு கோடுகள். ஒன்று உயரத்தில் தொடங்கி மெல்லச் சரிந்தது. மற்றது பத்து ஆண்டுகள் தரையோடு கிடந்து, பிறகு கிடுகிடுவென ஏறி, பதினைந்தாம் ஆண்டில் முதல் கோட்டைத் தாண்டிப் போனது. கூடவே தந்த மாதிரி விடையில், இரண்டு நாடுகளிலும் இறக்குமதி சீராக உயர்ந்ததாக இருந்தது.

“சார், ஒண்ணு இறங்குது. நீங்க ரெண்டும் ஏறுதுன்னு போட்டிருக்கீங்க.”

சூரியபிரகாஷ் போனிலிருந்து நிமிரவே இல்லை. “படத்தை இன்னாத்துக்குப் பாக்கறீங்க சிஸ்டர்? எந்தப் படம் வந்தாலும் இந்த நாலு பாராவ எழுதிட்டு, நாட்டு பேரை மட்டும் மாத்துங்க. நர்சுக்கு இவ்ளோ போதும்.”

போன இரண்டு தேர்விலும் அவள் அந்த நாலு பாராவைத்தான் எழுதியிருந்தாள். குறை தன் மூளையில்தான் என்று நம்பிக் குளியலறையில் அழுதிருக்கிறாள். இப்போது உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்துபோய் மேசையிலிருந்த மார்க்கரை எடுத்தாள்.

“நர்சுக்குப் போதுமா? ஜுரம் ஏறுதா இறங்குதான்னு கோட்டைப் பாத்துதான் சார் நான் டாக்டருக்கே சொல்றேன். எல்லாருக்கும் ஒரே நாலு வரி எழுதி வெச்சா, என் வார்டுல ஒருத்தர் உயிரோட வீட்டுக்குப் போவமாட்டாங்க!”

பலகையில் இரண்டு கோடுகளையும் போட்டாள். எது சரிந்தது, எது ஏறியது, எந்த ஆண்டில் தாண்டியது என்று மற்ற நர்சுகளுக்கு விளக்கினாள்.

“வெளிய போங்க!” என்று அவர் கத்தினார்.

போனாள். பின்னாலேயே ஹெப்சி என்ற இளம் நர்சும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இருவரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பள்ளிகொண்டா சர்ச் ஹாலில் உட்கார்ந்து எழுதிப் பழகினார்கள். நான்கு மாதத்தில் தேர்வு முடிவு வந்தது. பொன்மலருக்கு ஏழு, ஹெப்சிக்கு ஆறரை.

அடுத்த வாரம் ஹெப்சி போன் செய்தாள். “அக்கா, அந்தாளு சென்டர் வாசல்ல உங்க போட்டோவப் போட்டு பேனர் கட்டி வெச்சிருக்கான். ‘எங்கள் மாணவி’ன்னு!”

பொன்மலர் அன்று மாலையே வேலூர் போனாள்.

“யாரைக் கேட்டுக் கட்டினீங்க?”

“நம்ம ஸ்டூடன்ட்தானே சிஸ்டர்? உங்களுக்கும் பெருமைதானே?” என்று சிரித்தார் சூரியபிரகாஷ்.

“அப்போ உங்க நாலு பாராவ எழுதி ரெண்டு தடவ ஃபெயிலானதையும் சேத்துப் போடுங்க.”

கைப்பையிலிருந்து கட்டு வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துக் கயிறுகளை அறுத்தாள். பேனர் அவருடைய பைக் மேல் சரிந்தது. இன்னும் அங்கேயே படித்துக்கொண்டிருந்த பழைய ஆறு நர்சுகளும் வெளியே வந்து பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் அவர்களில் மூன்று பேர், ஞாயிற்றுக்கிழமை தாங்களும் சர்ச் ஹாலுக்கு வரலாமா என்று போனில் கேட்டார்கள். பொன்மலருக்கு அதற்கும் கோபம்தான் வந்தது.

“மூணு பேர்தானா? மத்த மூணு பேரும் இன்னும் அவன்கிட்டயா உக்காந்திருக்காங்க?”