ஆப்பி மாசோக்

எங்கள் பலகை வீட்டுக்குக் கரண்ட் வந்த கதையை எடுத்தால் குடும்பத்தில் இன்றும் சிரிப்பு அடங்காது. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டை விட்டு, கம்போங் ராஜா ஊர்க் கடைகளுக்குப் பின்னால் குடியேறியபோது எங்களுக்கு மீட்டர் கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த வயரில் ஒரு பல்பு எரியும். அந்த வீட்டம்மாள் ரைஸ் குக்கரைப் போட்டால் அதுவும் அணைந்துவிடும். சொந்த மீட்டருக்காக அப்பா அலையாத அலைச்சல் இல்லை.

ஒருவழியாக மீட்டர் மாட்ட ஆட்கள் வந்த அன்று வீட்டில் சித்தியும் நானும்தான். சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கமிருந்து அவள் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மலாய் சுத்தமாகத் தெரியாது. நான் ஒன்றாம் வகுப்பு. ஆகவே பெரிய மொழிபெயர்ப்பாளர்.

வயர் மாட்டிய மலாய்க்காரர் சித்தியை அக்கா என்று கூப்பிட்டு, "கக்கா, செகெஜாப் லாகி ஆப்பி மாசோக்," என்று சொல்லிவிட்டு லோரிப் பக்கம் போனார்.

"என்னடி சொல்றாரு அந்தாளு?"

"கொஞ்ச நேரத்துல நெருப்பு உள்ள வருமாம், சித்தி."

ஆப்பி என்றால் நெருப்பு. பள்ளிப் புத்தகத்தில் படமே போட்டிருந்தது.

சித்திக்கு உயிரே போய்விட்டது. என்னைத் தூக்கி வெளியே கோஸ் கூடைமேல் உட்காரவைத்து, "எறங்குன, கால ஒடிச்சிடுவேன்," என்றாள். பிறகு ஒரே ஓட்டம். மெத்தை, சாமி படங்கள், அம்மாவின் பட்டுச்சேலை, என் பள்ளிப் பை, அட்டைப்பெட்டி பிரிக்காத டிவி எல்லாம் தூறலில் வந்து சேர்ந்தன. கடைசியாக வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு சுவரில் அடித்தாள். புது மீட்டர் பெட்டியும் சேர்ந்து குளித்தது.

திரும்பி வந்த மலாய்க்காரர் தலையில் கை வைத்தார். ஈரத்தில் கரண்ட் கொடுக்க முடியாது, இன்னொரு நாள்தான் என்றார். அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். திட்டுவதா சிரிப்பதா என்று அவருக்கே தெரியவில்லை.

"இங்க கரண்டுக்கும் ஆப்பின்னுதாம்மா சொல்லுவாங்க," என்றார்.

சித்தி விறகடுப்பு ஊதுகுழலை எடுத்துவந்து மீட்டர் பெட்டியை ஊதத் தொடங்கினாள். மலாய்க்காரர் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு மனம் இளகி, பெட்டியைத் திறந்து துடைத்துக் காயவைத்தார். பொழுது சாயும் முன் எங்கள் சொந்த விளக்கு எரிந்தது.

அந்த வெளிச்சத்தில் சாமான்களை உள்ளே சுமந்தோம். சித்தி ஊரிலிருந்து கொண்டுவந்த சூட்கேஸ் மட்டும் கட்டிலடியில் வைத்த இடத்திலேயே இருந்தது. நெருப்பு வருகிறது என்று நம்பி அத்தனை முறை உள்ளே ஓடியவள் அதைத் தொடவே இல்லை. சுமக்க ஒன்று குறைந்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன்.