எந்தச் சத்தம் கேட்கவில்லை?

காது மெஷின் விற்கும் அந்தக் கடையில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். ஓரிடத்தில் உட்கார மாட்டாள், வாயும் ஓயாது. அன்று காலையிலிருந்து கண்ணாடிக் கதவுக்கும் மேஜைக்கும் நடுவே நடந்து நடந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாதம் பிறந்து ஒரு மெஷின்கூட விற்கவில்லை.

‘நவீன தொழில்நுட்பம், நம்பகமான தரம்’ என்று கம்பெனி சொல்லிக்கொடுத்ததைத்தான் ஒப்பித்தாள். வந்தவர்கள் தலையாட்டினார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைகள் வாயில் சக்கையாகிவிட்டன. வீட்டில் கணவனிடம் புதுத் தலையணை உறையைக் காட்டும்போதுகூட ‘நம்பகமான தரம்’ என்று வந்துவிட்டது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கு அழுகை முட்டியது.

மதியம் வயதான லாரி டிரைவர் ஒருவரை அவர் மகள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

“எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. இவதான் வாய்க்குள்ளயே முனகறா” என்றார் அவர், உட்காரும் முன்பே.

‘நவீன’ என்பது சில்வண்டின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். வேறென்ன சொல்வது? விரல்கள் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடின. பேனாவை எறிந்துவிட்டு அவர் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

“மெஷினை விடுங்கய்யா. முன்னாடி கேட்டு, இப்போ கேக்காத சத்தம் ஏதாவது இருக்கா?”

அவர் மகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“வீட்டுக்காரி வேலை செய்யும்போது பாடிக்கிட்டே இருப்பா. இப்பல்லாம் பாடறதில்ல. என்மேல என்ன கோவமோ.”

மகள் அவர் காதருகே போனாள். “அப்பா, அம்மா இன்னிக்குக் காலையிலகூட பாடினாங்கப்பா.”

அவர் கை தானாகக் காதைத் தொட்டது. பிறகு, “சரி, மாட்டும்மா. பாப்போம்” என்றார்.

அவர் மெஷினோடு போனதும் மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. “அந்தக் கேள்வியை எழுதிக் குடும்மா, எல்லாக் கிளைக்கும் அனுப்பிடறேன்!” எழுதிக்கொடுத்தாள். கொடுத்தபின் மனசு ஒரு நிலையில் இல்லை, அந்தப் பெரியவரின் பொருளை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டதுபோல.

மறுநாள் ஒரு தையல்காரம்மா வந்தாள். அதே குனிவு, அதே கேள்வி.

“தையல் மெஷின் கடகடப்பு கேக்கல. நிம்மதியா இருக்கேன். நீ வேற!”

கேள்வி புஸ்ஸென்று போயிற்று. மேனேஜர் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். சில்வண்டுக்கு வேர்த்தது. “அப்ப எதுக்குக்கா வந்தீங்க?” என்று வாய்தவறி வந்துவிட்டது.

தையல்காரம்மா சிரித்துவிட்டாள். “அளவு சொன்னா காதுல மாத்தி மாத்தி விழுதும்மா. போன வாரம் தச்ச சட்டைக்குள்ள ரெண்டு பேர் போகலாம்!”

சில்வண்டு அவள் காதில் மெஷினை மாட்டிவிட்டு, முதுகைக் காட்டி நின்று தன் தோளளவு, கையளவு எல்லாம் சொன்னாள். அந்தம்மா ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னாள். வாங்கியும் கொண்டாள்.

“இதையும் எழுதிக் குடு” என்றார் மேனேஜர்.

“இது அந்தக்காவுக்கு மட்டும்தான் சார்.”

சொல்லிக்கொண்டே மறுபடி நடக்க ஆரம்பித்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே யாரோ குடையை மடக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் என்ன பேசுவதென்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.