அம்மா மைக் பிடித்த நாள்

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று வீட்டில் சொன்னார்கள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அதை எடுத்தாயிற்று என்றார்கள். பிறகு அம்மாவின் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. யாராவது கேட்டால் பழனியில் மொட்டை போட்டதாகச் சொல்ல வேண்டும் என்றார்கள். சோமனூரில் எங்கள் வீதி முழுக்க நானும் அதைச் சொல்லி வைத்தேன். பஞ்சாமிர்தம் எங்கே என்று கேட்ட சிநேகிதியிடம், வழியிலேயே தின்றுவிட்டோம் என்று என் பங்குக்கு ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டேன்.

என்ன சொல்வது, என்ன சொல்லக்கூடாது என்பதையெல்லாம் முடிவு செய்தவர் அத்தை. அப்பாவின் அக்கா, அம்மாவுக்கு நங்கையா, பக்கத்து வீதியில் குடியிருந்தார். எங்கள் குடோனில் எட்டு விசைத்தறிகள் ஓடின. தறியை அப்பா பார்த்துக்கொண்டார். குடும்ப மானத்தை அத்தை பார்த்துக்கொண்டார்.

வைத்தியம் முடிந்து அம்மாவுக்குப் பூனைமுடி போல முளைக்கத் தொடங்கிய சமயம், ஆஸ்பத்திரி டாக்டரம்மா எங்கள் ஊரில் பெண்களுக்கு ஒரு பரிசோதனை முகாம் போட வேண்டும், ஆள் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டார். அம்மா உடனே சரி என்றாள். விளம்பரம் செய்யும் பொறுப்பை மாமா ஏற்றுக்கொண்டார். மாமா அம்மாவின் தம்பி. ஆட்டோவில் மைக் செட் கட்டி ஊர் ஊராகப் போவதுதான் அவருக்குத் தொழில். ஆடித் தள்ளுபடியோ தேர்த் திருவிழாவோ, எதுவானாலும் கணீரென்று சொல்வார்.

அந்த முகாமுக்கு, "மகளிர் நலச் சிறப்பு முகாம், அனைவரும் வாரீர்" என்று இரண்டு நாள் சுற்றினார். ஏழு பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் கண்ணாடி கொடுப்பார்கள் என்று நினைத்து வந்தவர்கள்.

அம்மா சோர்ந்துபோகவில்லை. டாக்டரம்மாவிடம் பேசி அடுத்த மாதமே இன்னொரு முகாமுக்கு நாள் வாங்கினாள்.

"என்ன சீக்குன்னு சொன்னாத்தான தம்பி வருவாங்க? மார்புல கட்டி இருக்குதான்னு பாக்கற முகாம்னு சொல்லு."

மாமா மைக்கைப் பிடித்து ஒத்திகை பார்த்தார். "மா..." என்றார். தொண்டையைச் செருமினார். மறுபடியும் "மா..." என்றார். காது மடல் சிவந்துவிட்டது.

"எனக்கு வாய் வரலீங்கக்கா. வேணும்னா அரசியல் கட்சிக்காரனக்கூடத் திட்டிப்போடறேன்."

"சரி, நான் பேசறேன். நீ பதிஞ்சுக்க."

முன்னறையில் அம்மா பேச, மாமா அதைப் பதிந்து பென்டிரைவில் ஏற்றினார். கதவுக்குப் பின்னால் நின்று நானும் கேட்டேன். வயிற்றில் இல்லை, மார்பில் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள் என்பதும் தெரிந்தது. ஆனால் என் மனதில் ஓடியது வேறு. நாளை இந்த ஆட்டோ என் சிநேகிதி வீட்டு வாசல் வழியாகப் போகும். திங்கட்கிழமை வகுப்பில் எல்லாரும் என்னைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரிப்பார்கள்.

சேதி எப்படியோ அத்தைக்கும் போய்விட்டது. அன்று சாயங்காலமே வந்து வாசலில் நின்றார்.

"பொம்பளைக பேசற பேச்சா இது? ஊருக்குள்ள தல காட்ட முடியாமப் பண்ணிப்போடுவியாட்ட இருக்குது."

"நான் செத்திருந்தா ஊரே வந்து பாத்திருக்குமுங்க நங்கையா. உசுரோட இருக்கறதச் சொல்றதுக்கு என்னங்க வெக்கம்?" என்றாள் அம்மா. அத்தையைவிடக் குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அத்தை விடுவிடுவென்று போய்விட்டார்.

அந்தச் சண்டையில் நான் அத்தை பக்கம். மறுநாள் சனிக்கிழமை. காலையில் யாரும் பார்க்காதபோது பென்டிரைவை எடுத்து அரிசி டின்னுக்குள் கை முழங்கை வரை விட்டுப் புதைத்தேன்.

மாமா சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார், ஆட்டோ சீட்டைத் தூக்கிப் பார்த்தார், கடைசியில் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். அம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள். என் முழங்கையில் அரிசி மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"உடு தம்பி. நானே வாரேன்" என்றாள்.

அப்பா குடோனிலிருந்து வந்து, "உன்னால முடியுமா?" என்று மட்டும் கேட்டார். அம்மா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். வீட்டில் என்னைத் தனியாக விட முடியாது என்று என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். ஆட்டோ எங்கள் வீதியில் வந்துவிடக்கூடாது என்று பாடுபட்டவள், அந்த ஆட்டோவிலேயே ஊர்வலம் போனேன்.

காலையில் எதுவும் எடுபடவில்லை. வீதிக்கு வீதி தறி ஓடிக்கொண்டிருந்தது. மைக்கையே விழுங்கிவிடும் சத்தம் அது. அம்மா மணி பார்த்தாள். அது மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம். மத்தியானம் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும்.

"கரண்ட் போகட்டும் தம்பி. மைக்குக்கு பேட்டரி இருக்குதல்ல?"

கரண்ட் போனது. ஒரே நொடியில் ஊர் அமைதியாகிவிட்டது. குடோன்களிலிருந்து பெண்கள் தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க வெளியே வந்து, மரத்தடிகளில் சோற்றுத் தூக்குப்போசியைத் திறந்தார்கள். அம்மா ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள்.

"ஏனுங்கக்கா, ஏனுங்க அம்மணி, கொஞ்சம் கேளுங்க. நான் இந்த ஊருதானுங்க. பழனியில மொட்டை போட்டேன்னு சொன்னதெல்லாம் பொய்யுங்க. எனக்கு மார்புல கட்டி வந்துச்சு. வலியே இல்லீங்க. வலிதான் இல்லையேன்னு ஆறு மாசம் யாருகிட்டயுஞ் சொல்லாம இருந்துபோட்டேன். ஒரு பக்கம் எடுத்தாச்சுங்க. இப்ப உங்க முன்னால குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறேன். நாளைக்குக் கல்யாண மண்டபத்துல பொம்பளை டாக்டருக வர்றாங்க. ஆம்பளைக யாரும் உள்ள வர மாட்டாங்க. வந்து பாத்துக்குங்க."

டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர், "ஏம்மா, இதையெல்லாமா மைக்குல சொல்றது?" என்றார்.

அம்மா மைக்கை வாயிலிருந்து எடுக்கவில்லை. "உங்க ஊட்டுல நீங்க சொல்லிப் போட்டீங்கன்னா, எனக்கு மைக்கே வேண்டாமுங்க."

மரத்தடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் எழுந்து ஆட்டோவுக்குப் பக்கத்தில் வந்தார். அம்மா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள். இருவரும் என்னவோ பேசினார்கள். மாமா எதிரிலிருந்த தென்னை மரத்தில் எத்தனை காய் என்று எண்ணுவதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் இன்னொரு பெண் வந்தார். அப்புறம் மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். பதிந்து வைத்த குரலிடம் யாரும் இப்படி வந்து கேட்டிருக்க முடியாது என்பது எனக்கே தெரிந்தது.

வெயில் தாழ்வதற்குள் பத்துப் பன்னிரண்டு இடத்தில் அம்மா அதையே சொன்னாள். சிநேகிதி வீட்டு வாசலிலும் சொன்னாள். நான் சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டேன். சிநேகிதியின் அம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டார். வீடு திரும்பும்போது அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போய் வெறும் காற்றுதான் வந்தது.

"அதை எடுத்து மாமாகிட்டக் குடுத்துரு. மாரியம்மன் பாட்டெல்லாம் அதுலதான் இருக்குதாமா." அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை.

மறுநாள் கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடம் வரை வரிசை நின்றது. ஒரு மூலையில் கயிறு கட்டி, போர்வைகளைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அம்மா வந்தவர்களுக்கெல்லாம் சைகையிலேயே இடம் காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தாள். வரிசை கலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதினோரு மணி வாக்கில் அத்தை வந்தார். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, வாசற்படி ஓரம் நின்றார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. முதல்நாள் முழுக்க அம்மாவோடு ஆட்டோவில் சுற்றியதில் நான் கட்சி மாறியிருந்தேன். போய் அவர் முன்னால் கையை விரித்து நின்றேன்.

"அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. சத்தம் போடறதுன்னா நாளைக்கு ஊட்டுக்கு வந்து போடுங்க."

அத்தை கோபப்படவில்லை. "உங்கம்மாளக் கூப்புடு கண்ணு" என்றார்.

அம்மா வந்தாள். அத்தை அவள் காதருகே என்னவோ சொன்னார். இரண்டு வார்த்தைதான் இருக்கும். அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்து, வரிசையில் நின்ற அத்தனை பேரையும் தாண்டி நேராகத் திரைக்குப் போனாள்.

பிற்பாடு ஒன்றரை வருஷம் அம்மாவும் அத்தையும் ஒரே பஸ்ஸில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். அத்தை இன்றைக்கும் இருக்கிறார். என் கல்யாணத்தில் என்னுடையதைவிடப் பெரிய பார்டர் வைத்த பட்டுச்சேலை கட்டினார். அதெல்லாம் பிற்பாடு.

அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. காலையிலிருந்து நிற்கிறவர்களெல்லாம் நிற்க, சண்டைக்காரர் முதலில் போவது என்ன நியாயம்? வாசலுக்கு ஓடி, வெளியே நின்ற மாமாவிடம் முறையிட்டேன். "இருக்கட்டும் உடு" என்றார் மாமா. வரிசையிலிருந்தவர்களும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கோபத்தோடு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். உள்ளே அத்தை தேம்பித் தேம்பி அழுவது கேட்டது. அம்மா கடைசியில் அவரை நன்றாகத் திட்டிவிட்டாள் என்று நினைத்து, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.