மைதிலியின் மாமியார்

அந்தப் புத்தகம் கருவாடு மணத்தது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஏதோ ஒரு பழைய புத்தகக் கடையில், பக்கத்துக் கருவாட்டுக் கடை மூட்டைகள் சாய்ந்திருந்த அதே சுவரில் தானும் சாய்ந்து எத்தனை காலம் கிடந்ததோ தெரியாது. அட்டை போய், முன்பக்கங்கள் போய், தலைப்பும் எழுதியவர் பெயரும் போய், வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் எங்கள் ஒழுங்கைக்கு வந்து சேர்ந்தபோது அதில் மிஞ்சியிருந்தவை கதையும் மணமும் மட்டும்தான். இந்தியப் புத்தகங்கள் வருவது அருகிப்போயிருந்த காலம் அது. ஒரு நாவல் கைக்குக் கிடைத்தால் மணத்தைப் பற்றி யாரும் முறைப்பாடு செய்வதில்லை. கதாநாயகியின் பெயர் மைதிலி என்பதால் நாங்கள் அதை ‘மைதிலிக் கதை’ என்றோம்.

கதை இளம் விதவையின் காதலைப் பற்றியது. சென்னையில், கல்யாணமான மறுவருடமே கணவனை இழந்த மைதிலி ஒரு டாக்டரிடம் வேலைக்குப் போகிறாள். டாக்டருக்கு அவள்மேல் விருப்பம். அவளுக்கும் இல்லாமல் இல்லை. இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. அந்த நாட்களில் இந்த ஒன்றை வைத்துக்கொண்டே நானூறு பக்கம் எழுதுவார்கள், நாங்களும் கண்ணீர் விட்டுக் கேட்போம்.

கேட்போம் என்றுதான் சொல்லவேண்டும், வாசிப்போம் என்றல்ல. இருந்தது ஒரே பிரதி. ஆகவே சனிக்கிழமைகளில், மத்தியானச் சாப்பாட்டுக் கோப்பைகள் கழுவிக் கவிழ்த்த பிறகு, நாலைந்து பெண்கள் அரிசிச் சுளகும் கீரைக் கட்டும் தையலுமாகத் தவமணி அக்கா வீட்டு ‘ஹோலில்’ கூடுவார்கள்; அக்கா வாசிப்பாள். இதற்கு எழுதப்படாத விதிகள் இருந்தன. வாசிக்கும்போது குறுக்கே கதைக்கக் கூடாது. தர்க்கம் புத்தகத்தை மூடிய பிறகுதான். போன கிழமை வராதவர்களுக்குப் போன கிழமைக் கதை சொல்லப்படமாட்டாது. கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போது வாசிப்பு நிற்கும். இடையில் யாரும் புத்தகத்தைத் தொடக் கூடாது. பிற்காலத்தில் நான் அரசாங்கக் கச்சேரியில் விவாகப் பதிவுப் பகுதியில் இருந்து ஓய்வு பெறும்வரை எத்தனையோ சுற்றுநிருபங்களைப் பார்த்துவிட்டேன். இந்தளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்ட ஒன்றைக் கண்டதில்லை.

புத்தகம் கிழமை நாட்களில் யார் வீட்டில் இருப்பது என்பதில் மட்டும் தொடக்கத்தில் ஒரு சிக்கல் வந்தது. முறைப்படி அது சரஸ்வதி டீச்சர் வீட்டில் இருந்திருக்கவேண்டும். ஒழுங்கையில் அதிகம் படித்தவர் அவர். ஆனால் டீச்சர் சுத்த சைவம். புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கி மணந்து பார்த்துவிட்டு, “சாமியறை இருக்கிற வீட்டுக்க இந்தக் கருவாட்டைக் கொண்டுபோக ஏலாது” என்று திருப்பிக் கொடுத்தார். அது தவமணி அக்கா வீட்டு ரேடியோவின் மேலேயே தங்கியது. அந்தச் சிறு தீர்மானத்தால் என்ன நடந்தது என்பது டீச்சருக்குக் கடைசிவரை தெரியாது.

தவமணி அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளும் விதவைதான். யாழ்ப்பாணத்திலிருந்து கணவனோடும் மாமியாரோடும் கொழும்புக்கு வந்தவள்; இரண்டாம் வருடம், கண்ணெல்லாம் மஞ்சளாகி, செங்கமாரி அவனைக் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது அவளும் மாமியாரும். மாமிக்கு அவன் ஒரே பிள்ளை, வேறு போக்கிடம் இல்லை, இரண்டு கண்ணிலும் வெண்படலம். அக்கா நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் தட்டெழுதினாள். அதே கட்டடத்தில் இன்னொரு கந்தோரில் வேலை பார்த்த கொட்டாஞ்சேனைக்காரர் செபஸ்தியான். கத்தோலிக்கர். அவர்தான் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தவர். பின்னேரங்களில் அக்காவை வெள்ளவத்தை பஸ் ஏற்றிவிட்டு, பஸ் மறையும்வரை நிற்பார் என்பது பதினொரு வயதில் எனக்கே தெரியும் என்றால் ஒழுங்கைக்குத் தெரியாமல் இருக்குமா?

தெரியும். ஆனால் யாரும் அதைப் பற்றி அக்காவின் முன் ஒரு சொல் கதைக்கவில்லை. அதற்குத்தான் மைதிலி இருந்தாளே.

“சீதை நெருப்புக்குள்ள இறங்கினவள். இவள் டாக்டரின்ர காருக்குள்ள இறங்கிறாள்,” என்பார் டீச்சர், புத்தகம் மூடிய உடனே.

“கார்ல ஏறுறதுதான் டீச்சர், இறங்குறதில்ல,” என்பாள் ரஞ்சிதம் அக்கா. ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து எங்கள் ஒழுங்கையில் சட்டை தைத்துக் கொடுத்தவள். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே சண்டை பிடிக்கத் தெரிந்தவள். “செத்தவரு போயிட்டாரு. இருக்கிறவ என்ன, அவரு படத்துக்குப் பொட்டு வச்சிக்கிட்டே கெழவியாகணுமா?”

“உங்கட தோட்டத்தில எப்பிடியும் நடக்கும்.”

“ஆமா, எங்க தோட்டத்துல மனுசங்க இருக்காங்க. அதான்.”

என் அம்மா இரண்டு பக்கத்துக்கும் “ஓம், ஓம்” என்பாள். அம்மாவின் அபிப்பிராயம் என்ன என்று அறிய முயன்று அப்பாவே தோற்றிருந்தார்.

இப்படிக் கிழமைக்குக் கிழமை கட்சி பிரிந்து அடிபட்டபோது, வாசித்தவள் தலையைக் குனிந்து, சேலைத் தலைப்பால் புத்தகத்தைத் துடைத்து ரேடியோவின் மேல் வைப்பாள். நாவலைப் பற்றிய அபிப்பிராயம் ஒவ்வொன்றும் அவள் தலையில்தான் இறங்குகிறது என்பது சொன்னவர்களுக்கும் தெரியும். அதனால்தான் அவ்வளவு உற்சாகம்.

மாமி மட்டும் எந்தக் கட்சியிலும் இல்லை. சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். எல்லோரும் சண்டை பிடித்துக் களைத்த பிறகு, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

“அந்தப் பெட்டையின்ர மாமியார் என்ன ஆனா?”

யாருக்கும் தெரியாது. மைதிலிக்கு ஒரு மாமியார் இருந்தார்தான். மகன் செத்த அன்று நெஞ்சில் அடித்து அழுதார், ‘என்னை யாரடி பார்ப்பார்கள்’ என்று கேட்டார். அதோடு எழுத்தாளர் அவரை மறந்துவிட்டார். காதல் கதையில் ஒரு கிழவிக்கு என்ன வேலை? “இனி வருவா மாமி, பாப்பம்,” என்பாள் அக்கா. கிழமைகள் போயின. அவர் வரவேயில்லை.

அக்காவின் நிலை இதுதான். செபஸ்தியான் அண்ணா கேட்டுவிட்டார். அக்காவுக்குச் சம்மதம். மாமியின் வாயிலிருந்து ஒரு ‘ஓம்’ வராமல் அவள் அசையமாட்டாள். அந்த ‘ஓமை’க் கேட்பதற்கோ அவளுக்கு வாய் வரவில்லை, கேட்டால், ‘என்னை விட்டுப் போகப்போறியோ’ என்பதுதான் பதிலாக வரும் என்று பயந்தாள். இதெல்லாம் பல வருடங்களுக்குப் பிறகு அவளே எனக்குச் சொன்னது.

கடைசி அதிகாரம் வாசிக்கப்பட்ட சனிக்கிழமை நல்ல மழை. கடற்பக்க யன்னல்களைச் சாத்தியிருந்ததால் ஹோல் முழுவதும் கருவாட்டு மணம். பாதியில் பாணந்துறைக் கோச்சி போயிற்று. அக்கா புத்தகத்தை மடியில் வைத்து, கோச்சி ஓயும்வரை மாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புத்தகத்தை எடுத்து விரித்துத் தொடர்ந்தாள்.

டாக்டர் கேட்ட கேள்விக்கு மைதிலி ‘சரி’ என்றாள். ரஞ்சிதம் அக்கா ஊசியைக் கையில் எடுத்தாள். மைதிலி கிராம சேவகரிடம் போய் வதிவிடக் கடிதம் வாங்கினாள். இறந்த கணவனின் மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியை எடுத்தாள். பதிவாளரிடம் விவாக அறிவித்தல் கொடுத்தாள்.

“அறிவித்தல் ஒட்டுவினமே? ஊரெல்லாம் பாக்குமே?” டீச்சரே விதியை மீறிக் குறுக்கே கேட்டுவிட்டார்.

“விசேட அனுமதி எடுத்தா நாள் கணக்கில காத்திருக்கத் தேவையில்லை டீச்சர்,” என்றாள் அக்கா, புத்தகத்தைப் பார்க்காமலே.

பதிவு நாள் வந்தது. இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒரு சாட்சி கையெழுத்து வைத்தாயிற்று; இரண்டாவது யார் என்று பதிவாளர் கேட்டார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மைதிலியின் மாமியார் வந்தார். ‘ஒருவனை வயிற்றால் பெற்றேன், ஒருத்தியை வாசலால் பெற்றேன். வாசலால் பெற்றவளுக்கு நானே சாட்சி’ என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். பிறகு மூவருமாக டாக்டரின் வீட்டுக்குப் போனார்கள். முற்றும்.

அக்கா புத்தகத்தை மூடினாள். அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

பிறகு எல்லாம் வெடித்தது. “இது நடக்கிற காரியமே? எந்த மாமியார் கையெழுத்து வைப்பாள்?” என்று டீச்சர். “வச்சிட்டாங்களே, கேட்டீங்கதானே!” என்று ரஞ்சிதம் அக்கா. எழுதியவனுக்கு மூளை பிசகிவிட்டது என்றார் டீச்சர். இத்தனை அதிகாரமும் தூங்கிவிட்டு இப்போதுதான் விழித்திருக்கிறான் என்றாள் ரஞ்சிதம் அக்கா. அவள் சொன்னதில் எவ்வளவு உண்மை என்று அவளுக்கே தெரியாது. போகும்போது டீச்சர் கொஞ்சம் இறங்கிவந்து, “தவமணி, அந்தக் கடைசிப் பக்கத்தை ஒருக்கா என்ர கண்ணால பாக்கவேணும்,” என்று கையை நீட்டினார். அக்கா புத்தகத்தை அவர் மூக்கருகே கொண்டுபோனாள். மழை ஈரத்தில் அது இன்னும் நன்றாக மணத்தது. டீச்சர் கையை இழுத்துக்கொண்டார்.

எல்லோரும் போய்விட்டார்கள். சுளகில் சிந்திய அரிசியைப் பொறுக்க அம்மா என்னை விட்டுப்போயிருந்தாள். மாமி கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

“பிள்ளை, கோச்சி போனாப் பிறகு நீ பக்கம் புரட்டின சத்தம் கேக்கேல்லை.”

அக்கா ரேடியோவருகே அப்படியே நின்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை; ஆனால் அரிசி பொறுக்குவதை நிறுத்திவிட்டேன் என்பது நினைவிருக்கிறது.

மாமி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, “அந்தப் பதிவுக் கச்சேரிக்கு என்ன சீலை உடுக்கிறது?” என்று கேட்டார். பிறகு, அக்கா அழத் தொடங்கியதும், எரிச்சலோடு சொன்னார்: “அழாத. எனக்குக் கண் தெரியாதெண்டு அந்தப் பதியிற மனுசனிட்டச் சொன்னனியோ? கோட்டுக்கு வெளியால கையெழுத்துப் போனாச் செல்லாதெண்டு துலைப்பாங்கள்.”

செல்லும். கையெழுத்துக் கோணலாக இருந்தால் விவாகம் செல்லாது என்று எந்தச் சட்டமும் இல்லை. மாமி சாம்பல் நிறச் சீலை உடுத்தி வந்து, அக்கா விரலைப் பிடித்து இடம் காட்ட, கோட்டுக்கு வெளியாலேயே கையெழுத்து வைத்தார். மற்றச் சாட்சி என் அம்மா. ‘ஓம், ஓம்’ என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தவள் எந்தப் பக்கம் என்று அன்றுதான் வீட்டுக்குத் தெரிந்தது. டீச்சர் வரவில்லை. ஆனால் ஒழுங்கையில் யாரோ வாயெடுத்தபோது, “என்ன செய்யிறது, அச்சடிச்ச புத்தகத்திலயே அப்பிடித்தானே கிடக்குது,” என்று அந்த வாயை அடைத்தவர் அவர்தான். அச்சில் வந்ததை அவர் எதிர்த்ததில்லை. பாடப்புத்தகத்தைப் பிடித்துப் பிடித்து அது ஒரு பழக்கம்.

பல வருடங்களுக்குப் பிறகு அட்டையோடு அதே நாவல் ஒரு பழைய புத்தகக் கடையில் என் கையில் அகப்பட்டது. நின்றபடியே கடைசி அதிகாரத்தை வாசித்தேன். மைதிலி டாக்டரை மறுத்துவிட்டு, வெள்ளைச் சேலையோடு ஒரு அநாதை இல்லத்துக்குப் போய்விடுகிறாள். மாமியார் பற்றி ஒரு வரியும் இல்லை. கிராம சேவகரும் இல்லை. சென்னையில் எங்கேயிருந்து வருவார் எங்கள் கிராம சேவகர்? அவருடைய கடிதம் இல்லாமல் இந்த உலகத்தில் எந்தக் காரியமும் நடக்காது என்று நம்பிய எங்கள் பெண்களில் ஒருவருக்கும், டீச்சர் உட்பட, அது இடறவில்லை. அக்காவுக்குத் தெரிந்த அலுவல்முறை அது ஒன்றுதான். கந்தோரில் விசாரித்து வைத்திருந்ததை மைதிலியின் தலையில் கட்டிவிட்டாள். மாமியார் பேசிய வசனம் மட்டும் எங்கிருந்து வந்தது என்று அவளிடம் கேட்டேன். “அத்தனை கிழமை அந்த மனுசனை வாசிச்சிட்டு எனக்கு ஒரு வசனம் வராதோ?” என்றாள்.

கொட்டாஞ்சேனையில் அவர்கள் மூவரும் இருந்த வீட்டில், மாமியின் கட்டில் யன்னலோரமாகக் கடைசிவரை இருந்தது. இப்போது மூவரும் இல்லை. டீச்சரும் ரஞ்சிதம் அக்காவும் என் அம்மாவும் இல்லை. மைதிலிக் கதை நடந்த வீடு எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் எரிந்தது. அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடி. மேல்மாடியில் நின்றால்தான் கடல் தெரியும், அதற்கு லிஃப்ட் வேலை செய்யவேண்டும்.

அந்த அடுக்குமாடியின் பொதுமண்டபத்தில் எங்கள் வாசகர் வட்டம் கூடுகிறது. போன மாதம் எடுத்துக்கொண்டது ஒரு புதிய நாவல். அதுவும் இளம் விதவையின் காதல்தான். எல்லோரிடமும் கைப்பேசியில் ஒவ்வொரு பிரதி. இரண்டு கட்சி. கதாநாயகி மறுமணம் செய்தது விடுதலை என்றது ஒன்று. ஆணைச் சார்ந்தே மீண்டும் நின்றது வீழ்ச்சி என்றது மற்றது. நன்றாகப் பேசினார்கள், குறுக்கே பேசினார்கள், யாருடைய சேலைத் தலைப்பும் கண்ணீரில் ஈரமாகவில்லை. கடைசியில், ஓய்வுபெற்றவள் சும்மா இருக்கிறாளே என்று இரங்கி, என் அபிப்பிராயத்தையும் கேட்டார்கள்.

“அந்தப் பிள்ளையின்ர மாமியார் என்ன ஆனா?” என்றேன்.

ஒருவரையொருவர் பார்த்தார்கள். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைப்பேசியைத் தடவத் தொடங்கினார், மற்றவர்களும் தடவினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். கைப்பேசிக் கண்ணாடியில் விரல் வழுக்கிப் போவதற்குச் சத்தம் இல்லை. அவர்கள் தேடுகிறார்களா, சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.