வாசலுக்கு வெளியே வாசித்த சங்கீதம்

என் ஜெபத்தைக் கேட்டு அழாத பெண்கள் அந்த நாளில் சிராங்கூன் ரோட்டில் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லைதான். ஆனால் பின்னால் சொல்லப்போகிற வெட்கக்கேடு புரிய வேண்டுமென்றால் இந்தப் பெருமையும் தெரிந்திருக்க வேண்டும். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்து ஜெபம் செய்ய எங்கள் சபை என்னை வைத்திருந்தது. கையில் கறுப்புக் குடை, தோளில் பை, பைக்குள் வேதப்புத்தகம். தூரத்தில் என் குடையைக் கண்டாலே, "பைபிளம்மா வர்றாங்க" என்று பாயை உதறிப் போடுவார்கள்.

ஊரில் வைசூரி பரவிய வருஷம் அது. எனக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. இவனுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இவன் கொஞ்சம் தேறிய பிறகு அம்மை குத்தலாம் என்று டாக்டர் தள்ளி வைத்திருந்தார். அதனால் தெருவில் யாராவது தும்மினாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவேன்.

ஒரு நாள் மதியம், எங்கள் சபையைச் சேர்ந்த மாட்டுவண்டிக்காரர் ஒருவர் வந்து தெருவிலேயே நின்றார். வாசலுக்கு வரவில்லை.

"அக்கா, வீட்டுல அவளுக்கு மூணு நாளாக் காய்ச்சல். இன்னிக்கு மூஞ்செல்லாம் கொப்புளம். நான் முனிசிபல்ல போய்ச் சொல்லி வண்டி கூட்டிட்டு வரணும். அது வரைக்கும் அவ தனியாக் கெடக்கா. போய் ஒரு ஜெபம் பண்ணுங்கக்கா."

அக்கம்பக்கத்தில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பிள்ளையைப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். மழை கொட்டினால் அதைச் சாக்கிட்டுத் திரும்பிவிடலாம் என்று வழியெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். நல்ல வெயில் அடித்தது.

மாட்டுக் கொட்டகைகளுக்குப் பின்னால் வரிசையாக இருந்த அறைகளில் ஒன்றுதான் அவர்கள் வீடு. மற்றக் கதவுகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. அவள் கதவு மட்டும் திறந்திருந்தது. நான் முற்றத்திலேயே நின்றுவிட்டேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். உள்ளே இருட்டில் பாயும், அதன்மேல் ஒரு சேலையும் தெரிந்தன. வாடை வாசல் வரைக்கும் வந்தது.

"அக்கா, வந்துட்டீங்களா?" என்றாள்.

நோயாளி வீடுகளில் நான் எப்போதும் வாசிக்கிற சங்கீதம் ஒன்று உண்டு. ஆண்டவரை நம்பினவனுடைய வீட்டுப் பக்கம் கொள்ளைநோய் வராது என்று தைரியம் சொல்கிற சங்கீதம். அதைத்தான் எடுத்தேன். தூரத்தில் நிற்பதால் குரலை உயர்த்தி வாசித்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த வார்த்தைகளை வாசித்த லட்சணத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

நடுவில் அவள், "அக்கா, தண்ணி" என்றாள்.

எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. கேட்காதவள் போல இன்னும் சத்தமாக வாசித்தேன். இரண்டாம் தரமும் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் குரல் வரவில்லை. உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. உள்ளே போய்ப் பார்க்கவும் கால் வரவில்லை. வாசிப்பை நிறுத்தினால் ஓடிவிடுவேன் என்று பயந்து, கைக்கு வந்த பக்கத்தைத் திருப்பி அங்கிருந்த சங்கீதத்தை வாசித்தேன்.

அது ஒரு நோயாளியின் புலம்பல். தன் புண் நாறுகிறது என்று ஆண்டவரிடமே ஒளிக்காமல் முறையிடுகிறான். கூடப் பழகினவர்கள் தன் நோவைக் கண்டு எட்டிப் போய் நிற்கிறார்கள் என்கிறான். அந்த வரியோடு நிறுத்திவிட்டேன். எத்தனையோ வீடுகளில் இதை உருக்கமாக வாசித்திருக்கிறேன். எட்டிப் போய் நிற்கிறவள் நானாக இருப்பேன் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

புத்தகத்தை மூடினேன். ஜெபம் வந்தது. என் வழக்கமான ஜெபம் இல்லை அது.

"ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்கு. உள்ள போக மனசில்ல. அவ தண்ணி கேட்டா, நான் கேக்காத மாதிரி நடிச்சேன். என் புள்ளைக்கு ஒட்டிக்கும்னு பயந்துதான் நடிச்சேன். என்னால முடியல."

உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. "ஆண்டவரே, அக்காவோட புள்ளைக்கு ஒண்ணும் வரக் கூடாது. ஆமென்."

நான் அழுதேன். அழுதுகொண்டே முற்றத்துத் தொட்டியில் தகரக் குவளையை முக்கி, அவள் வாசற்படியில் வைத்தேன். அதற்கு மேல் போகவில்லை. குடையை நீட்டி, அதன் நுனியால் குவளையைத் தள்ளினேன். பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது. மீதி பாய் வரைக்கும் போயிற்று. அவள் குடிக்கிற சத்தம் கேட்டது. இரண்டாவது குவளையையும் அப்படியே தள்ளினேன். நான் செய்த ஊழியம் அவ்வளவுதான்.

முனிசிபல் வண்டி வந்து அவளைத் தொற்றுநோய் முகாமுக்கு ஏற்றிக்கொண்டு போனது. குடையை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். குளித்து, சேலை மாற்றி, அதற்குப் பிறகும் பிள்ளையைத் தூக்கப் பயந்தேன். இரண்டு வாரம் கொசுக்கடி ஒவ்வொன்றையும் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். பயமாயிருக்கிறது, பயமாயிருக்கிறது என்பதைத் தவிர வேறு ஜெபம் வாயில் வரவில்லை. சங்கீதங்களைப் புரட்டினால் அங்கேயும் பாதிப் பேர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதையெல்லாம் அடித்துப் போடாமல் ஆண்டவர் தம் புத்தகத்திலேயே வைத்திருக்கிறாரே என்று அப்போதுதான் உறைத்தது. பிள்ளைக்கு ஒன்றும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவள் வந்தாள். முகமெல்லாம் தழும்பு. அவள் புருஷன் அன்றைக்கு நின்ற அதே இடத்தில், தெருவிலேயே நின்றாள்.

"புள்ள நல்லாருக்கா அக்கா?"

ஆபத்து இல்லையென்று எழுதிக் கொடுத்துத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள். இருந்தும் அவள் கிட்டே வரவில்லை. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

"எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு தங்கச்சி" என்றேன்.

"தெரியும்க்கா. குடுங்க."

கொடுத்தேன். பிள்ளை அவள் கன்னத்துக் குழிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். அவன் கையைப் பிடித்து இழுத்துவிட வேண்டும் என்று என் கை துடித்தது. இழுக்கவில்லை.